சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் செல் பட்டினியால் சாகுமா?

சாகாது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தாயிற்று. பெரியப்பாவுக்கு நுரையீரலில் கட்டி என்றதும் பார்க்க வந்தவர்களெல்லாம் சோற்றை நிறுத்து, சர்க்கரையை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போக, மனிதர் பதினைந்து நாள் மோரும் கீரையுமாக ஓட்டினார். கட்டி இளைக்கவில்லை, அவர்தான் இளைத்தார்.

சர்க்கரைக் கதை முழுப்பொய்யும் இல்லை. 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்ற உயிர்வேதியியல் ஆய்வாளர் பார்த்தது இது: கட்டியின் செல்கள் குளுக்கோஸை அள்ளி அள்ளி எடுக்கின்றன, ஆனால் ஆக்சிஜன் இருந்தும் முழுக்க எரிக்காமல் பெரும்பகுதியை லாக்டேட் என்ற பாதி உடைந்த பொருளாக வெளியே தள்ளுகின்றன. முழுக்க எரித்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்), இப்படிச் செய்தால் வெறும் 2. செல்லுக்குள் இருக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டது என்று அவர் நினைத்தார். பல கட்டிகளில் அது நன்றாகவே ஓடுகிறது என்று பின்னால் தெரிந்தது.

அப்புறம் ஏன் இந்த ஊதாரித்தனம்? கீற்றை அடுப்பில் வைத்தால் நன்றாகத்தான் எரியும், பந்தல் போட என்ன மிஞ்சும்? ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் டிஎன்ஏ, சவ்வுக்குக் கொழுப்பு, புரதம் எல்லாம் இன்னொரு பங்கு வேண்டும். கடைசிவரை எரிந்த குளுக்கோஸ் மூச்சுக்காற்றில் போய்விடும். அதனால் வழியிலேயே மடையைத் திறந்து கொஞ்சத்தை டிஎன்ஏவுக்கான ரைபோஸாக, கொஞ்சத்தைப் புரதத்துக்கான செரினாக, கொழுப்பாகத் திருப்பிக்கொள்கிறது. டிஎன்ஏவுக்கும் புரதத்துக்கும் வேண்டிய நைட்ரஜனுக்கு ரத்தத்திலுள்ள குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, சர்க்கரை மட்டுமே அதன் தீனி இல்லை.

இந்தப் பேராசையை வைத்துத்தான், கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனே எடுக்கிறார்கள். ஆறு மணி நேரம் பட்டினி (பெரியப்பாவுக்குக் காபி இல்லாததுதான் பெரிய துக்கம்), விரலில் குத்தி சுகர் பார்த்துவிட்டு, கதிரியக்க ஃப்ளோரின் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, பேசாமல் அசையாமல் ஒரு மணி நேரம் படுக்கச் சொன்னார்கள். படத்தில் மூளை பளிச்சென்று தெரிந்ததும் "தலைக்கும் ஏறிடுச்சாடா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மூளை எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும், அதுவும் குளுக்கோஸில் ஓடுகிற உறுப்புதான்.

நீங்கள் சாப்பிடாவிட்டால் கல்லீரல், உடம்பின் தசையைக் கரைத்தாவது குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடும், கட்டி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீரிழிவு இருந்தால் கட்டுப்பாடு வேண்டியதுதான், அது தனிக்கணக்கு.

எடையைப் பார்த்து டாக்டர் சத்தம் போட்ட அன்று இரவு பெரியம்மா சோற்றைக் குழைய வடித்து, தயிர் விட்டுப் பிசைந்து கையில் உருட்டி வைத்தார். முதல் உருண்டை உள்ளே போனதும், "நார்த்தங்காய் எங்கடி?" என்றார் பெரியப்பா.