மார்ச் வந்தால் பையரின் நேரம் ஏன் பிசகுகிறது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு பைத்தானில் ஆர்டர் மென்பொருள் எழுதுகிறேன். ஹாம்பர்க் பையர் தரும் கெடு நேரத்தோடு நாலரை மணி நேரம் கூட்டி நம் நேரமாகக் காட்டுகிறேன். குளிர்காலத்தில் சரியாக இருந்தது, மார்ச் கடைசியிலிருந்து ஒரு மணி நேரம் தவறுகிறது. சில ஷிப்மென்ட் தேதிகளும் ஒரு நாள் முன்னால் காட்டுகின்றன.

பதில்: நாலரை என்பது ஜெர்மனியின் குளிர்காலக் கணக்கு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பதால் வித்தியாசம் மூன்றரைதான். அவர்களின் மாலை 5 மணி கோடையில் நமக்கு இரவு 8:30. உங்கள் மென்பொருள் 9:30 என்று காட்டும், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதை நம்பி உட்கார்ந்திருப்பார்.

மாதத்தைப் பார்த்து மாற்றும் நிபந்தனை எழுதிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே மாறிவிடும். நாளைக்கு நியூயார்க் பையர் வந்தால் மறுபடி சிக்கல். விதிகளை ஐயானா தரவுத்தளம் (உலக நேர மண்டலங்களின் விதித் தொகுப்பு) பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் நேர மண்டலத்தின் பெயரை மட்டும் சேமியுங்கள். அதில் ஹாம்பர்க் கிடையாது, ‘யூரோப்/பெர்லின்’தான். நமக்கு ‘ஏசியா/கொல்கத்தா’, கோயம்புத்தூரைத் தேடாதீர்கள்.

பைத்தான் 3.9 முதல், இந்த விதிகளைப் படிக்கும் ஜோன்இன்ஃபோ நூலகம் கூடவே வருகிறது. விண்டோஸில் அந்தத் தரவைத் தரும் டிஇசட்டேட்டாவையும் நிறுவிக்கொள்ளுங்கள். பையர் தந்த நேரத்துக்கு ‘ரீப்ளேஸ்’ மூலம் பெர்லின் மண்டலத்தை ஒட்டி, ‘அஸ்டைம்ஜோன்’ மூலம் கொல்கத்தாவுக்கு மாற்றுங்கள். ரீப்ளேஸ் முத்திரை மட்டும்தான் குத்தும், மணியை மாற்றாது. பழைய பைடிஇசட் நூலகத்தில் இப்படி நேரடியாக ஒட்டினால் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் 5:30க்குப் பதில் 5:53 ஆகிவிடும். அங்கே ‘லோக்கலைஸ்’தான் வழி.

அப்புறம் ஷிப்மென்ட் தேதி. அக்டோபர் 15 என்பதை நம் நள்ளிரவு 12 மணியாக வைத்து யூடிசிக்கு மாற்றினால் அக்டோபர் 14, மாலை 6:30 ஆகிறது. உங்களுக்கு ஒரு நாள் காணாமல் போவது அநேகமாக இதனால்தான். மணி இல்லாத தேதியை மண்டலம் மாற்றவே கூடாது. வெறும் தேதி வகையிலேயே சேமியுங்கள்.

நடந்து முடிந்தவற்றுக்கு யூடிசி போதும். வரப்போகும் கெடுவுக்கு பையர் சொன்ன உள்ளூர் மணியையும் மண்டலப் பெயரையும் சேர்த்தே வையுங்கள். கடிகார மாற்றத்தைக் கைவிட ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இலேயே வாக்களித்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தால் சேமித்த யூடிசி தப்பாகிவிடும்.

ஏற்கெனவே பதிவான கெடு நேரங்களுக்குப் பயப்பட வேண்டாம். எல்லாவற்றிலும் ஒரே நாலரையைக் கூட்டியிருப்பதால், அதைக் கழித்தால் பையரின் மணி கிடைத்துவிடும். பேக்கப் எடுத்துக்கொண்டு புது முறையில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.