இரண்டு வெண்கலம் எதற்கு?

வணக்கம்.

என் மகன் ஜூடோ பயில்கிறான். சமீபத்தில் ஒரு போட்டியில் காலிறுதியில் தோற்றுப்போனான். ரெபசாஜ் சுற்று, அதாவது தோற்றவர்களுக்கான மறுவாய்ப்புச் சுற்று இருக்கிறது, ஜெயித்தால் வெண்கலத்துக்கு ஆடலாம் என்று பயிற்சியாளர் எவ்வளவோ சொல்லியும் களமிறங்க மறுத்துவிட்டான். "அதான் ரெண்டு பேருக்குக் குடுக்கறாங்களே, அதெல்லாம் ஒரு பதக்கமா?" என்கிறான். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. உலகப் போட்டிகளில் ஒவ்வொரு எடைப் பிரிவிலும் நான்கு பேர் மேடையில் நிற்கிறார்கள். மூன்றாம் இடத்தை ஒருவருக்கே கொடுத்தால் என்ன? இன்னொன்று: பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஜப்பானின் உட்டா அபே தன் எடைப் பிரிவில் இரண்டாவது சுற்றில் தோற்று வெறுங்கையோடு திரும்பினார். காலிறுதி வரை வந்தவர்களுக்கு மட்டும்தான் மறுவாய்ப்பு என்பது என்ன நியாயம்?

எம்.

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியில் நான் உங்கள் பக்கம். முதல் கேள்வியில் உங்கள் மகனோடும் உங்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஜூடோவில் வெண்கலம் சும்மா வந்துவிடாது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் அப்படியே வெண்கலம் கிடைத்துவிடும், மேற்கொண்டு ஓர் ஆட்டம் கிடையாது. ஜூடோவில் அரையிறுதியில் தோற்றவரும் இன்னொரு முறை ஜெயித்தாக வேண்டும். காலிறுதியில் தோற்ற நால்வர் முதலில் தங்களுக்குள் மோதுகிறார்கள். அதில் ஜெயிக்கும் இருவர் அரையிறுதியில் தோற்ற இருவரை எதிர்கொள்கிறார்கள். ஆக, ஆறு பேர் இரண்டு பதக்கத்துக்கு. எல்லாம் ஒரே நாளில். வெள்ளி வாங்குபவருக்குக் கடைசி ஆட்டம் தோல்வி. வெண்கலம் வாங்குபவர் கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டு மேடைக்கு வருகிறார்.

சரி, ஏன் இரண்டு? 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸின் 100 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவைப் பாருங்கள். பிரான்ஸின் டெடி ரைனர், இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம், லண்டனிலும் ரியோவிலும் தங்கம், அதுவரை பத்து உலகப் பட்டங்கள். அன்று தங்கம் வென்றிருந்தால் ஜப்பானின் ததாஹிரோ நோமுராவைப் போலத் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர் ஆகியிருப்பார். காலிறுதியில் ரஷ்யாவின் தமெர்லான் பஷாயெவிடம் தோற்றார், தன்னைவிட மிகவும் உயரம் குறைந்தவரிடம். அந்த நிமிடத்தில் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் வீட்டில் ஏற்கனவே 2008 பெய்ஜிங் வெண்கலம் ஒன்று இருந்தது. இன்னொரு வெண்கலம் அவருக்கு எதற்கு?

ஆனால் திரும்பி வந்தார். ரெபசாஜில் பிரேசிலின் ரஃபேல் சில்வாவை வென்றார். அப்புறம் வெண்கலத்துக்கான ஆட்டத்தில், ஜப்பான் மண்ணிலேயே, ஹிசயோஷி ஹரசாவாவை வென்றார். ரியோ இறுதியில் இவரிடம் தோற்றவர்தான் அந்த ஹரசாவா. இதற்கிடையில் பஷாயெவ் அரையிறுதியில் ஜார்ஜியாவின் குரம் துஷிஷ்விலியிடம் தோற்று, தன் வெண்கலத்தைத் தானும் ஆடியே வென்றார். தங்கம் செக் நாட்டின் லூகாஷ் கிர்பாலெக்குக்கு. கடைசியில் ரைனரும் அவரைத் தோற்கடித்த பஷாயெவும் ஒரே வெண்கலப் படியில் நின்றார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டில் எந்த வெண்கலத்தை எடுத்துவிடலாம்? நாக்-அவுட் அட்டவணை முதல் இடத்தை மட்டுமே நிச்சயமாகச் சொல்லும். அதற்குக் கீழே யார் எந்த இடம் என்பதில் பாதி, அட்டவணையில் யார் யாருக்கு எதிரே விழுந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ரெபசாஜில் வந்தவர் அட்டவணையின் எதிர்ப் பாதியில் அரையிறுதி தோற்றவரோடு மோதும்படி வைத்திருப்பதால், தன்னைத் தோற்கடித்தவரையே மறுபடி சந்திக்க வேண்டியதில்லை. இரண்டு பாதிக்கும் ஒவ்வொன்றாக இரண்டு வெண்கலம் என்பது தாராள மனசால் வந்ததல்ல, கணக்கு அப்படி. டோக்கியோவில் மறுநாள் கலப்பு அணிப் போட்டியில் ஜப்பானை வென்று பிரான்ஸ் தங்கம் எடுத்தபோது அந்த அணியில் ரைனரும் இருந்தார். 2024 பாரிஸில் தனிநபர் தங்கமும் திரும்பக் கிடைத்தது.

முதல் உலக சாம்பியன்ஷிப்பிலேயே, 1956-இல் டோக்கியோவில், எடைப் பிரிவுகளே இல்லாத காலத்தில், வெண்கலம் இரண்டு பேருக்குத்தான். ஒருவர் பிரான்ஸின் ஹென்றி கூர்த்தீன். மற்றவர் நெதர்லாந்தின் ஆன்டன் கேசிங்க். ஐந்து வருடம் கழித்து, 1961-இல் பாரிஸில், ஜப்பானியர் அல்லாத முதல் உலக சாம்பியன் ஆனவர் அதே கேசிங்க்தான்.

உட்டா அபே விஷயத்துக்கு வருகிறேன். அது இன்னும் என்னைத் தொந்தரவு செய்கிறது. அதுவரை நான்கு முறை உலக சாம்பியன், டோக்கியோவில் தங்கம். பாரிஸில் உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்தியோரோவாவுக்கு எதிராக ஒரு வாசா-அரி (அரைப் புள்ளி போன்றது) முன்னிலையில் இருந்தவர், ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் முழுப்புள்ளியான ஓர் இப்போனில் எல்லாவற்றையும் இழந்தார். அரங்கமே கேட்கும்படி அவர் அழுததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கெல்தியோரோவா அதோடு நிற்காமல் தங்கத்தையே வென்றார். அப்படியானால் அபே தோற்றது அன்றைக்கு யாராலும் வெல்ல முடியாத ஒருவரிடம். ஆனால் இரண்டாவது சுற்றிலேயே அவரைச் சந்தித்துவிட்டதால் அபேக்கு மறுவாய்ப்பு இல்லை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2008 பெய்ஜிங்கில், அரையிறுதிக்கு வந்தவர்களிடம் எந்தச் சுற்றில் தோற்றிருந்தாலும் ரெபசாஜ் உண்டு. 2012 லண்டனிலிருந்துதான் காலிறுதியில் தோற்றவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. மல்யுத்தத்தில் இறுதிப் போட்டிக்குப் போனவரிடம் தோற்ற எல்லோருக்கும் வாய்ப்பு உண்டு. அந்த விதியால்தான் 2008-இல் முதல் ஆட்டத்திலேயே தோற்ற சுஷில் குமார் வெண்கலத்தோடு வந்தார். 2016-இல் சாக்‌ஷி மாலிக் வென்றதும் அதே வழியில். ஜூடோவின் இன்றைய முறையில் ஆட்டங்கள் குறைவு, பார்ப்பவருக்குப் புரிவதும் சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என்னைக் கேட்டால் பழைய முறைதான் நியாயமானது. வெண்கலம் இரண்டு என்பதில் எனக்குக் குறையில்லை, அதற்குப் போட்டியிடும் வாசல் குறுகிப்போனதில்தான் குறை.

உங்கள் மகனை நான் கடிந்துகொள்ள மாட்டேன். தோற்ற சூட்டில், அந்த வயதில், மறுபடி பாய் ஏறுவது மிகவும் கடினம். அன்று அவன் மறுத்ததைப் பற்றி இனி பேச்செடுக்காதீர்கள். ரைனரின் டோக்கியோ ஆட்டங்களை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், காலிறுதியில் ஆரம்பித்து வரிசையாக. பயிற்சியாளரிடமும் ஒரு விஷயம் கேளுங்கள்: தோற்றதற்கும் ரெபசாஜுக்கும் நடுவே இருக்கும் நேரத்தில் அவன் என்ன செய்ய வேண்டும்? எங்கே உட்கார வேண்டும், உடம்பு ஆறிப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, யாரோடு பேசலாம், நீங்கள் அருகில் வரலாமா கூடாதா? தூக்கி எறியும் பிடிகளைப் போல இதையும் முன்கூட்டியே பழக்கிவைக்க முடியும். அடுத்த போட்டி எப்போது என்று எழுதுங்கள்.