கேரம் ஆட ஆளில்லை என்ற தம்பிக்கு

"வெளிநாடு வந்து நான்கு மாதம் ஆகிறது. வேலை நாள் எப்படியோ ஓடிவிடுகிறது, சனி ஞாயிறுதான் நகர மாட்டேன் என்கிறது. முன்பு தினமும் கேரம் ஆடுவேன், இங்கே ஆட ஆளில்லை. நீங்கள் எப்படிப் பொழுதைப் போக்குகிறீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

நான் வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. என் பைத்தியம் சிற்றலை வானொலி. பள்ளி நாட்களில் ராத்திரி 31 மீட்டர், 49 மீட்டர் அலைப்பட்டைகள் பக்கம் ரேடியோ முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவேன். ஏதாவது நிலையம் சிக்கினால் நேரம், அலைவரிசை, சின்போ எண் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். அதையே அந்த நிலையத்துக்கு எழுதிப் போட்டால், கேட்டதை உறுதிசெய்து க்யூஎஸ்எல் அட்டை அனுப்புவார்கள். சின்போ என்பது ஒலி எவ்வளவு நன்றாகக் கேட்டது என்று சொல்லும் ஐந்து இலக்கம், ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஐந்து வரை: ஒலியின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை வரும் சீர், மொத்தத் தரம். 55555 என்றால் பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கும். அதில் எனக்குச் சுவாரஸ்யமே கிடையாது, இரைச்சலுக்குள் மங்கலாக வரும் 23222 தான் வேண்டும்.

இங்கே வரும்போது துணியைக் குறைத்துக்கொண்டு ரேடியோவைப் பெட்டியில் வைத்தேன். முதல் ராத்திரி போட்டால் ஒரே கர்ர்ர். அடுக்குமாடி முழுக்கச் சார்ஜரும் எல்இடி விளக்கும், சிற்றலைக்கு இரண்டும் எமன். சன்னலுக்கு வெளியே ஏரியல் கம்பி கட்டினேன், வீட்டுக்காரர் கழற்றச் சொல்லிவிட்டார். பல நிலையங்களும் அதற்குள் சிற்றலையையே கைவிட்டிருந்தன. நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் வானொலி ஏற்பி (ரிசீவர்) ஒன்றை இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் திருகலாம். திருகினேன். நன்றாகத்தான் கேட்டது, ஆனால் யாரோ போட்ட தூண்டிலில் மாட்டிய மீனை வேடிக்கை பார்ப்பது மாதிரி இருந்தது.

ஒன்றரை வருடம் சும்மா கிடந்தேன். அப்புறம் கூட வேலை பார்ப்பவர் ஒருநாள் விடியற்காலையில் பறவை பார்க்கக் கூட்டிப்போனார். கண்ணுக்கு இலைதான் தெரிந்தது. ஆனால் காது தானாகப் பிரிக்க ஆரம்பித்தது: இது ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, ஓரத்தில் மங்கலாக மூன்றாவது. அட, நம்ம வேலைதானே இது! மெர்லின் என்ற செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்லிவிடும். நான் முதலில் ஊகித்துவிட்டுத்தான் அதைத் திறப்பேன். கண்ணுக்கு எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு 8x42 பைனாகுலர் போதும், அதைவிடப் பெரிதாக்குவதை வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

சரி, உங்கள் கேரம். அதில் பிடித்தது அரட்டையா, கோணமா? அரட்டை என்றால் கேரமைத் தேடி அலையாதீர்கள், ஆள் கூடுகிற எந்த ஆட்டமும் சரிதான். கோணம் என்றால் ஸ்னூக்கர் மேசைப் பக்கம் போய்ப் பாருங்கள், கட்டையில் பட்டுத் திரும்பும் கணக்கு ஏறக்குறைய அதேதான். இல்லை, பலகைதான் வேண்டும் என்றால் தனியாகவே ஆடலாம். உடைத்த கையோடு ஒன்பது வெள்ளையும் சிவப்பும் விடாமல் விழுந்தால் ஒயிட் ஸ்லாம். அதற்கு முயன்றால் எத்தனை ஞாயிறும் போதாது. போனில் ஆடும் கேரம் மட்டும் வேண்டாம், விரலுக்கு ஒன்றும் தெரியாது.

பலகைக்கு அடியில் தடிமனாக ஏதாவது விரித்துக்கொள்ளுங்கள், ஸ்ட்ரைக்கர் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். யாராவது கதவைத் தட்டினால் திட்டத்தான் என்று நினைத்துவிடாதீர்கள், ஆடவும் வந்திருக்கலாம்.