கோட்டைச் சுவர் ஏன் சிமென்ட் பூசியது போலத் தெரிகிறது?

கேள்வி: வேல்ஸில் உள்ள கான்வி கோட்டையின் ஒரு கோபுரத்தை 1:72 அளவில் ஃபோம் அட்டையில் செய்திருக்கிறேன். கற்களை ஒவ்வொன்றாகக் கீறி, சாம்பல் நிறம் பூசி, கறுப்பைக் கரைத்து ஓடவிட்டு, மேலே வெள்ளையில் டிரை பிரஷ்ஷும் (வண்ணத்தைத் துடைத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளில் லேசாக இழுப்பது) செய்தாயிற்று. ஆனாலும் சிமென்ட் சுவர் மாதிரிதான் இருக்கிறது. ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் சரியாகுமா?

பதில்: ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். சாதாரண ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீன் ஃபோமை அரித்துவிடும். பொறுமையாகக் கீறிய கற்களெல்லாம் வீணாகிவிடும். பூசியதைச் சுரண்டவும் வேண்டாம். அதன் மேலேயே வேலை செய்யலாம்.

கல் என்றாலே சாம்பல் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. கோளாறு அங்கேதான். கான்வியின் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி ஒரு சாண் சுவரை மட்டும் பாருங்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1283 முதல் 1287 வரை கட்டிய கோட்டை அது. பெரும்பாலும் உள்ளூர்ச் சாம்பல் கல்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கற்கள்கூட ஒரே நிறத்தில் இருக்காது. ஒன்று பழுப்பு ஏறியிருக்கும், இன்னொன்று பச்சை கலந்து மங்கியிருக்கும்.

எனவே முதலில் உங்கள் சாம்பலில் கொஞ்சம் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு வண்ணம் கலந்து, அந்தக் குளிர்ந்த நிறத்தை மாற்றுங்கள். காய்ந்ததும் சின்ன பிரஷ்ஷால் ஐந்தாறு கற்களுக்கு ஒன்றாகத் தனி நிறம் கொடுங்கள். ஒன்றுக்கு யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள் கலந்த சாம்பல், ஒன்றுக்கு அடர் பழுப்பு, ஒன்றுக்குத் துளி பச்சை. வரிசையாக வைத்தால் சதுரங்கப் பலகை ஆகிவிடும். இரண்டு சேர்ந்து வரட்டும், அப்புறம் கொஞ்ச தூரம் ஒன்றுமே வேண்டாம். இந்த அளவில் 30 செ.மீ. கல் என்பது வெறும் 4 மி.மீ.தான். அதனால் வேலை மெதுவாகத்தான் நகரும். இருந்தாலும் சுவருக்கு உயிர் வருவது இந்தக் கட்டத்தில்தான், இதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். முடித்தவுடன் நிறங்கள் கொஞ்சம் பளிச்சென்று உறுத்தும். பயப்பட வேண்டாம், அடுத்த பூச்சு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடும்.

அந்தப் பூச்சுக்குத் தனிக் கறுப்பு கூடாது. கறுப்பும் அம்பரும் சம அளவு எடுத்து, டீத்தண்ணீர் பதத்துக்குக் கரையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால், வண்ணம் திட்டுத் திட்டாக நிற்காமல் இடுக்குகளுக்குள் ஓடும். நன்றாகக் காயட்டும். பிறகு டிரை பிரஷ். வெள்ளையை எடுத்து வைத்துவிட்டு, அடிநிறத்தில் கொஞ்சம் சந்தன நிறம் கலந்து வெளுப்பாக்கிக்கொள்ளுங்கள். பழைய தட்டை பிரஷ்ஷில் தொட்டு, தாளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்த பிறகு, கல்லின் விளிம்பில் மட்டும் படும்படி இழுங்கள்.

இனி, மழைத்தண்ணீர் எப்படி ஓடும் என்று யோசியுங்கள். மதில் விளிம்பிலிருந்தும் அம்புத் துளைகளுக்குக் கீழேயும் கறை செங்குத்தாக இறங்கும். அடிவாரத்திலும், வெயில் குறைவாகப் படும் வடக்குப் பக்கத்திலும் பச்சை படரும். மேல் கற்களில் வெளிர் சாம்பலும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாகக் கல்பாசி இருக்கும். நாம் மசாலாவில் போடும் கல்பாசியும் இந்த இனம்தான். சமையலறையில் இருந்தால் ஒரு துண்டு எடுத்து, அதன் நிறத்தைப் பார்த்தே கலக்கலாம். கறைக்குச் சாக்பீஸ் பாஸ்டலைத் தூளாக்கி, மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்தால் போதும்.

கான்வி ஒரு காலத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சோடு நின்ற கோட்டை. மழை படாத மூலை ஒன்றில் மங்கிய வெண்மையை லேசாக ஒற்றிவிடுங்கள், அழகாக இருக்கும்.

கடைசியாக மேட் வார்னிஷ், அதாவது பளபளக்காத வார்னிஷ். அதையும் ஸ்ப்ரேயாக வாங்காமல், பிரஷ்ஷால் பூசும் தண்ணீர் வகையாக வாங்குங்கள். பளபளப்பு கொஞ்சம் இருந்தாலும் கல் பிளாஸ்டிக் ஆகிவிடும். பாஸ்டல் தூள் வார்னிஷ் பட்டதும் மங்கும் என்பதால், கறையை நினைத்ததைவிட ஒரு படி அழுத்தமாகவே வையுங்கள். கோபுரத்தில் கை வைக்கும் முன் மீந்த ஃபோம் துண்டு ஒன்றில் இத்தனையும் ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள்.