மகன் பெயர் ஸ்டேஷனில் இருக்கிறதா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கேள்வி: நாங்கள் வியாசர்பாடியில் வசிக்கிறோம். மகனுக்கு 16 வயது, பிளஸ் 1 படிக்கிறான். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் வேறு பள்ளிப் பையன்களோடு கைகலப்பு. ஒருவனுக்கு உதட்டில் தையல் போட்டார்கள். மறுநாள் போலீசார் வகுப்புக்கே வந்து இவனையும் இன்னும் மூன்று பேரையும் அழைத்துப் போனார்கள். ஐ.டி.ஐ. படிக்கும் 19 வயதுப் பையன் ஒருவனையும் பிடித்து வைத்திருந்தார்கள். இரவு என்னிடமும் மகனிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். படித்துப் பார்க்க விடவில்லை. ‘போலீஸ் நடத்தும் சிறுவர் மன்றத்துக்கு அனுப்புங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார் இன்ஸ்பெக்டர். 15,000 ரூபாய் கொடுத்தால் எஃப்.ஐ.ஆரிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்கிறார் நிலைய வாசலில் ஒருவர். தலைமை ஆசிரியரோ டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். பையனுக்கு ராணுவத்தில் சேர ஆசை. என்ன செய்வது? — ஒரு தாய்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பதினைந்தாயிரத்தைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள்.

நிலைய வாசலில் நிற்கும் அந்த மனிதரை நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். அக்குளில் ஒரு தோல் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா, இன்ஸ்பெக்டரை ‘நம் அண்ணன்’ என்று சொல்லும் உரிமை. உங்கள் எதிரிலேயே போனை எடுத்து யாரிடமோ ‘அம்மா நமக்கு வேண்டியவர், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பார். மறுமுனையில் யாராவது இருக்கிறார்களா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அதற்கு எண் விழுந்து, கணினியில் ஏறி, நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்கும். அதிலிருந்து பெயரை உருவ அவரால் முடியாது, அவருடைய அண்ணனாலும் முடியாது. எஃப்.ஐ.ஆரே போடவில்லை என்றால், இல்லாத ஒன்றை எடுத்ததற்கு உங்களிடம் பணம் வாங்குகிறார். ஒரு மாதம் கழித்தும் ஒன்றும் வராது. ‘பார்த்தீர்களா, முடித்துக் கொடுத்தேன்’ என்பார். இந்த வியாபாரம் மொத்தமும் உங்கள் அறியாமையை முதலாக வைத்து நடக்கிறது.

ஆகவே முதலில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எதிர்த்தரப்பு கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்திருக்கலாம். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சிதான், வழக்கு இல்லை. அல்லது நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் குடும்பப் பின்னணி பற்றி ஓர் அறிக்கை தயாரித்து, சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பியிருக்கலாம். 18 வயது நிரம்பாதவர்கள் செய்த சாதாரணக் குற்றங்களுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்லும் வழி இதுதான். உதட்டுத் தையலுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. பையனை வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போகவும் தேவையில்லை. உங்களுக்குத் தகவல் கொடுத்து, குழுமத்தில் ஆஜராகச் சொன்னால் போதும். சிறுவர்களிடம் போகும்போது போலீசார் சீருடையில் போகக் கூடாது, சிறுவனிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இந்தச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் காக்கிச் சட்டையோடு கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள் என்றால் யாரிடம் முறையிடுவது?

கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களின் சங்கதி வேறு, அது இங்கே வேண்டாம். உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது அந்த ஐ.டி.ஐ. மாணவனை நினைத்துத்தான். சிறுவர்களோடு பெரியவர் ஒருவர் சேர்ந்து குற்றம் செய்ததாகப் புகார் இருந்தால் எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று அதே விதியில் விலக்கு இருக்கிறது. 19 வயது என்றால் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன். ஆகவே எஃப்.ஐ.ஆர். இருக்கவே வாய்ப்பு அதிகம், உங்கள் மகன் பெயரும் அதில் வரலாம். வந்தாலும் அந்த மாணவனோடு சேர்த்து இவனை விசாரிக்க முடியாது. அவன் வழக்கு மாஜிஸ்திரேட்டிடம், இவன் வழக்கு குழுமத்திடம். நீங்கள் பார்க்க வேண்டியது பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் வயதை. ஐந்து பேரையும் ஒரே வரிசையில் எழுதும்போது எல்லோருக்கும் 18, 19 என்று போட்டுவிட்டுப் போகிற எழுத்தர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு எண் தவறினால் பையன் குழுமம் இருக்கும் கெல்லீஸுக்குப் போவதற்குப் பதில் புழல் சிறைப் பக்கம் போவான். தவறாக இருந்தால் பள்ளிச் சான்றிதழோடு உடனே மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுங்கள். சிறுவன் என்ற வாதத்தை வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம். சம்பவம் நடந்த அன்று என்ன வயது என்பதே கணக்கு. பள்ளிச் சான்றிதழைத்தான் முதலில் பார்ப்பார்கள்; அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைக்க வேண்டும் என்று வயதைக் கூட்டிச் சொன்ன வீடுகள் நம் ஊரில் ஏராளம். உங்கள் வீடு அதில் ஒன்று என்றால் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

ராணுவத்துக்கு வருகிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, குழுமம் குற்றம் செய்தான் என்றே முடிவு செய்தாலும் அதனால் பையனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. 74-ஆம் பிரிவு இன்னும் பச்சையாகச் சொல்கிறது: வழக்கு முடிந்திருந்தாலும் நிலுவையில் இருந்தாலும், நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸ் அந்தப் பதிவை வெளியிடக் கூடாது. ஆனால் அதை நம்பி வழக்கை முடிக்காமல் விட்டுவிடாதீர்கள். வாசலில் நிற்பவர் ‘கெல்லீஸ் பக்கமே போகாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். நீங்களும் போக மாட்டீர்கள். வழக்கு தீராமல் தூங்கும். இரண்டு வருடம் கழித்துப் பையன் உடல்தகுதித் தேர்வில் ஜெயித்து வந்து நிற்கும்போது, சரிபார்ப்பில் ‘நிலுவை’ என்று தலைநீட்டலாம். குழுமத்தைக் கண்டு ஒளிந்தவர்கள்தான் வேலையை இழந்து என்னிடம் வருகிறார்கள்.

குழுமம் என்றதும் கூண்டையும் உயரமான மேசையையும் கற்பனை செய்ய வேண்டாம். மாஜிஸ்திரேட் ஒருவர், சமூகப் பணியாளர்கள் இருவர், அதில் ஒருவராவது பெண். உயர்ந்த மேடை இருக்கக் கூடாது என்பதே விதி. சிறு குற்றம் என்றால், பையன் குழுமத்தில் முதலில் ஆஜரான நாளிலிருந்து நான்கு மாதத்தில், மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். முடியாவிட்டால் அதோடு அது கைவிடப்பட்டதாகும். அறிவுரை சொல்லி அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம். இந்த மாதிரி அடிதடியில் அதற்கு மேல் போவதை நான் அதிகம் பார்த்ததில்லை. முடிந்ததும் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, மதிப்பெண் பட்டியலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

துணை ஆணையர் முன்பு நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பஸ்ஸில் ரகளை செய்யும் கல்லூரி மாணவர்களிடம் அப்படி வாங்குவது சென்னையில் வழக்கமாக இருந்தது. பதினெட்டுக்குக் கீழே அதற்கு இடமே இல்லை. 22-ஆம் பிரிவு தடுக்கிறது.

இன்ஸ்பெக்டர் சொன்ன சிறுவர் மன்றம் நல்லதுதான். மாலையில் டியூஷன், கேரம், கபடி என்று பையன்கள் தெருவில் நிற்காமல் இருக்க ஓர் இடம். போலீஸ்காரரைப் பெயர் சொல்லிப் பேசிப் பழகிய பையன் அவரைப் பார்த்து ஓட மாட்டான். சென்னையில் 2022-இல் தொடங்கிய ‘சிற்பி’ திட்டமும் இதே எண்ணத்தில் வந்ததுதான்: 100 அரசு, மாநகராட்சிப் பள்ளிகள், ஒவ்வொன்றிலும் 50 மாணவர்கள். ஆனால் அது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது, உங்கள் மகனுக்குப் பொருந்தாது. மன்றத்தில் சேர்த்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஆகாது. அதே நேரம், சேர்த்துவிட்டால் வழக்கு போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். அப்படி வழக்கை முடிக்கும் அதிகாரம் குழுமத்துக்குத்தான் உண்டு, இன்ஸ்பெக்டருக்கு இல்லை. எனக்கு இதில் ஒரு நெடுநாள் ஆற்றாமை உண்டு. ஆர்வமுள்ள அதிகாரி இருக்கும்வரை மன்றத்தில் விளக்கு எரியும். அவருக்கு மாற்றல் வந்ததும் கேரம் போர்டு பீரோவுக்குள் போய்விடும். ஒவ்வொரு நிலையத்திலும் சிறார் நல காவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இருக்கிறார். ஆனால் பந்தோபஸ்து, சம்மன், நீதிமன்ற வேலை எல்லாம் அவர் தலையிலேயே. பிள்ளைகளைப் பார்க்க அவருக்கு நேரம் கொடுப்பது யார்?

டி.சி. விஷயத்தில் தலைமை ஆசிரியரிடம் சண்டை வேண்டாம். காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நீங்களாக மாற்றுச் சான்றிதழ் கேட்டு மட்டும் கடிதம் கொடுத்துவிடாதீர்கள், பிறகு அது உங்கள் விருப்பமாகிவிடும். பையனின் படத்தையோ பெயரையோ பள்ளி வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டிருந்தால் அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

திங்கட்கிழமை தனியாகப் போகாமல் உறவினர் ஒருவரோடு நிலையத்துக்குப் போய், சிறார் நல காவல் அதிகாரி யார் என்று கேட்டு அவரிடமே மனு கொடுங்கள். மகனின் பிறந்த தேதி, அவனைப் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்ற நேரம், வீட்டுக்கு அனுப்பிய நேரம், படிக்க விடாமல் இருவரிடமும் கையெழுத்து வாங்கியது, பதிவான வழக்கின் எண், கையெழுத்திட்ட தாளின் நகல் வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவு போதும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியை கெல்லீஸ் குழுமத்துக்கும் அனுப்புங்கள். வழக்கறிஞருக்குப் பணம் தேட வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைத்தால் சிறுவர்களுக்கு இலவசமாகவே ஒருவரை நியமிப்பார்கள். அவருடைய பெயரையும் அடையாள அட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘செலவுக்கு’ என்று அவர் கை நீட்டினால் அதே எண்ணுக்கு மறுபடியும் போன் செய்யுங்கள்.