பின்சக்கரத்துக்கு டிஸ்க் போடலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

ஜே.சி. ரோடு பக்கம் பிரேக் வேலை பார்ப்பவன் என்பதால் பெங்களூர் நண்பர்கள் என்னிடம் வந்து கேட்பது ஒன்றைத்தான்: பின்னால் இருக்கும் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாமா? டிரம் என்றால் சுற்றும் கிண்ணத்துக்குள் ஷூ விரிந்து உரசும் பிரேக். டிஸ்க் என்றால் சுற்றும் தட்டைக் காலிப்பர் இரண்டு பக்கமும் பேடால் கவ்வும் பிரேக். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். அதற்கு முன் ஒன்று: ஆக்ஸிலில் வெல்டிங் வைக்காதீர்கள்.

அல்சூர் நண்பர்: அண்ணே, என்னுடையது ஜிப்ஸி. என்னென்ன வேலை வரும்?

ஜிப்ஸிக்குப் பின்னால் ஒரே குழாய் ஆக்ஸில். அதன் முனையில் நாலு போல்ட்டில் பேக் பிளேட், அதாவது ஷூவைத் தாங்கும் தகடு, இருக்கும். ஷாஃப்டை பேரிங்கோடு இழுத்தால்தான் அது கழலும். அந்த இடத்தில்தான் காலிப்பர் பிராக்கெட் உட்கார வேண்டும். பிராக்கெட்டின் தடிமனை இஷ்டத்துக்கு வைத்தால் பேரிங்கின் பிடி மாறிவிடும். அதனால் பேக் பிளேட்டை அளந்து, அதே தடிமனுக்குப் பிராக்கெட்டை லேத்தில் வெட்டச் சொல்லுங்கள்.

டிஸ்க், ஹப்பின் நடுமேட்டில் இறுக்கமாக உட்கார வேண்டும், ஸ்டட்டில் தொங்கக் கூடாது. மாட்டியதும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். முள் 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் பெடல் காலடியில் துடிக்கும். காலிப்பரில் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடதும் வலதும் மாறி மாட்டினால் நிப்பிள் கீழே போய், எத்தனை முறை பிளீட் செய்தாலும் காற்று போகாது.

அப்புறம், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் பிஸ்டனைவிடக் காலிப்பர் பிஸ்டன் பெரிது. ஆயில் அதிகம் கேட்கும், பெடல் கீழே இறங்கும். டிரம்முக்கென்று, பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ரெசிடுவல் வால்வு இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

கே.ஆர். புரம் நண்பர்: என் ஸ்விஃப்ட்டுக்கு, இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் பீமிலேயே பிராக்கெட்டை வெல்டிங் வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

வேண்டாம். சூட்டில் பீம் கோணும், சக்கரக் கோணம் போகும். வெல்டுக்குப் பக்கத்தில் நாளடைவில் விரிசல் விடும்.

மர்ஃபி டவுன் தம்பி: டிரம் தாத்தா காலத்துச் சாமான். நாலு பக்கமும் டிஸ்க் போட்டால் வண்டி சட்டென்று நிற்குமே அண்ணே?

நிற்காது தம்பி. வண்டியை நிறுத்துவது டயர். ஓங்கி மிதித்தால் இப்போதே ஏ.பி.எஸ். (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) அடிக்கிறதா? டயரின் பிடி அங்கேயே தீர்ந்துபோச்சு. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரத்துக்கு வேலை குறைவு. அங்கே பிடியைக் கூட்டினால் பின்பக்கம் முதலில் லாக் ஆகி, மழையில் வண்டி சுற்றிவிடும். 2020இல் விற்பனைக்கு வந்த எலக்ட்ரிக் கார் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3. அதற்கும் பின்னால் டிரம்தான்.

அதே தம்பி: அப்படியென்றால் விலை கூடின வண்டிக்கெல்லாம் ஏன் டிஸ்க்?

சூட்டுக்காக. டிஸ்க் காற்றில் திறந்து கிடக்கிறது, சீக்கிரம் ஆறும். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க்கின் லாபம் அங்கேதான்.

இந்திராநகர் சார்: அதைத்தான் நானும் சொல்கிறேன். ஊட்டி பக்கம் கல்ஹட்டி மலை இறக்கத்தில் என் பிரேக் போய்விட்டது. டிஸ்க் இருந்திருந்தால்?

36 கொண்டை ஊசி வளைவு, எந்த கியரில் இறங்கினீர்கள் சார்?

இந்திராநகர் சார்: மூன்றாவது. பெட்ரோல் மிச்சமாகுமே என்று நடுநடுவே நியூட்ரல்.

அப்படி இறங்கினால் எட்டு டிஸ்க் போட்டாலும் போதாது! நியூட்ரலில் இன்ஜின் ஓடவே பெட்ரோல் வேண்டும். கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலை நிறுத்திவிடும். மிச்சம் கியரில்தான் சார். அந்தச் சாலையில் முதல் அல்லது இரண்டாவது கியர். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் இழுத்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஜீவன்பீமா நகர் மேடம்: ஹேண்ட் பிரேக் என்ன ஆகும்?

நல்ல கேள்வி, யாருமே கேட்பதில்லை. சாதாரண முன்பக்கக் காலிப்பரைப் பின்னால் மாட்டினால் ஹேண்ட் பிரேக் போச்சு. கேபிள் லீவர் உள்ள பின்பக்கக் காலிப்பர்தான் வாங்க வேண்டும். அதிலும் பல மாடல்களில் பேட் மாற்றும்போது பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள முடியும். சி-கிளாம்ப் போட்டு அழுத்தினால் உடையும்.

பனசவாடி நண்பர்: ஆர்கான் வெல்டிங் என்றால் பரவாயில்லையா?

மேலே முதல் பத்தியைத் திரும்பப் படியுங்கள்.

ஹெப்பால் நண்பர்: டிக் வெல்டிங்?

ஆர்கான் வைத்துச் செய்வதுதான் அதுவும். வேண்டாம்.

தொம்லூர் நண்பர்: ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: ஆர்.சி. விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டி நண்பர்: பல்சருக்கு?

பைக் எனக்குத் தெரியாது. பைக் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

ஃப்ரேசர் டவுன் நண்பர்: பின் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, அதனால்தான் டிஸ்க் யோசிக்கிறேன்.

முதலில் டிரம்மைத் திறந்து பாருங்கள். ஷூ எண்ணெயில் நனைந்திருந்தால் ஆக்ஸில் சீல் அல்லது வீல் சிலிண்டர் கசிகிறது. சீலை மாற்றி, புது ஷூ போட்டு, அட்ஜஸ்டர் துரு பிடித்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, டிரம்மை லேசாக உரசும்வரை செட் செய்யுங்கள். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் வண்டியைக் கொண்டு வாருங்கள்.