டர்பனில் ஹோம் பார்ட்டி விற்பனைக்கு எந்த நிறுவனத்தில் சேரலாம்?

கேள்வி: டர்பனில் இருக்கிறேன். வீடுகளில் பார்ட்டி வைத்துப் பொருள் விற்கும் கன்சல்டன்டாகச் சேர ஆசை. டப்பர்வேர் பிளாஸ்டிக் டப்பா, ஏவான் அழகுப் பொருள், ஏஎம்சி பாத்திரம், ஆனிக் சருமப் பொருள் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பெயரை அப்புறம் பார்க்கலாம். அவர்கள் தரும் ஒப்பந்தத்தில் விலகுவதைப் பற்றிய பக்கத்தை முதலில் புரட்டுங்கள். சேர்வதற்கு எல்லோரும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைப்பார்கள். வேண்டாம் என்று கிளம்பும்போது, மிஞ்சிய சரக்கை என்ன விலைக்குத் திரும்ப எடுப்பார்கள் என்பதில்தான் நிறுவனத்தின் லட்சணம் தெரியும். தென்னாப்பிரிக்காவில் நேரடி விற்பனைச் சங்கம் 1972 முதல் இருக்கிறது. இத்தகைய சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஒரு நெறிமுறை வைத்திருக்கிறது. விலகுகிறவர் கடைசி 12 மாதங்களில் வாங்கி விற்காமல் வைத்திருக்கும் நல்ல நிலைச் சரக்கை நிறுவனம் திரும்ப எடுக்க வேண்டும், செலவுக்கென்று 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்கிறது அது. உங்களை அழைக்கும் நிறுவனம் சங்கத்தில் உறுப்பினரா, இந்த விதி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அந்த வீட்டு டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

பொருளைவிட, உங்களுக்குக் கீழே ஆள் சேர்க்கும் "டீம்" பற்றியே அதிகம் பேசுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். இந்த நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 43ஆம் பிரிவு, பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதிலிருந்தே முக்கியமாக வருமானம் வரும் திட்டங்களைத் தடை செய்கிறது. அதில் தெரிந்தே சேர்வது மட்டுமல்ல, அடுத்தவரைச் சேர்த்துவிடுவதும் சட்டவிரோதம். இந்தியர்கள் அதிகம் வாழும் நம் சாட்ஸ்வொர்த் பகுதியில் பாதிப் பேர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். பணம் போனால் அடுத்த கல்யாணத்தில் யார் முகத்தில் விழிப்பது?

சரி, பொருளுக்கு வருவோம். என் கணக்கு எளிது: தீர்ந்துபோகிற பொருளா, தீராத பொருளா? முதல் இரண்டு மூன்று பார்ட்டிகளில் உறவுக்காரர்கள் உங்கள் முகத்துக்காக வாங்குவார்கள். நான்காவது பார்ட்டியில் யார் வாங்குவார்? ஏஎம்சி போன்ற நல்ல பாத்திரம் ஒரு வீட்டுக்குள் போனால் பல வருஷத்துக்கு அந்த வீட்டில் உங்களுக்கு வேலை இல்லை. ஒரு விற்பனையில் பெரிய தொகை வரும், ஆனால் ஒவ்வொரு மாதமும் புது வீடு தேட வேண்டும். முகக்கிரீம், சோப்பு, ஆனிக்கின் ரூய்போஸ் (இந்த நாட்டு மூலிகைத் தேயிலை) சரக்கு போன்றவை தீரும். பிடித்திருந்தால் அவர்களே போன் செய்வார்கள். புதிய வீடுகளைத் தேடிப் போகும் சுபாவம் இல்லாதவர்களுக்கு தீர்ந்துபோகிற பொருள்தான் சரிப்படும்.

உத்தரவாதம் என்ற பேச்சில் மயங்க வேண்டாம். நான் போயிருந்த ஒரு பார்ட்டியில், கன்சல்டன்ட் வாழ்நாள் உத்தரவாதம் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். வயதான ஆண்ட்டி ஒருவர் டப்பாவை எடுத்து, மூடியை இரண்டு முறை திறந்து மூடி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மூடி மட்டும் தொலைஞ்சா தனியா கிடைக்குமா?" என்றார். கன்சல்டன்டிடம் பதில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்? 1950களில் தொடங்கி ஹோம் பார்ட்டி முறையை உலகெங்கும் பிரபலமாக்கிய டப்பர்வேரின் அமெரிக்கத் தாய் நிறுவனமே 2024 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதற்கு ஒரு மாதம் முன்னால் ஏவானின் அமெரிக்க நிறுவனமும் போயிருந்தது. பழைய பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். இன்றைக்கு இங்கே சரக்கு யார் அனுப்புகிறார்கள் என்று விசாரியுங்கள்.

கமிஷன் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். செலவை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு பார்ட்டியில் 3,000 ராண்ட் விற்பனை, 25 சதவீதம் என்றால் 750. ஹோஸ்டஸுக்கு, அதாவது தன் வீட்டில் பார்ட்டி வைக்க இடம் தருபவருக்கு, பரிசு 200, கூரியர் 100, பெட்ரோல் 100, கேட்லாக் 50. மீதி 300. அழைப்பு, பார்ட்டி, ஆர்டர் எழுதுவது, பிரித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சேர்ந்து பத்து மணி நேரம் என்றால் மணிக்கு 30 ராண்ட். 2025 மார்ச்சில் அரசு வைத்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. ஆகவே ஹோஸ்டஸ் பரிசை நிறுவனம் தருகிறதா, உங்கள் கையிலிருந்தா என்பது கமிஷனில் ஐந்து சதவீதம் கூடுவதைவிடப் பெரிய விஷயம்.

இன்னொன்று. இப்படி நேரில் போய் விற்கும் பொருளை வாங்கியவர் ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இது. அந்த உரிமையை நீங்கள் வாங்குபவரிடம் சொல்லவும் வேண்டும். அதனால் கமிஷனை வந்த அன்றே செலவழிக்காதீர்கள். திரும்பி வரும் பொருளின் நஷ்டம் யார் தலையில் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கணவரின் வேலை விசாவோடு வந்தவர் என்றால், உங்கள் விசாவில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. கமிஷனும் வருமானம்தான்.

நாள் பார்ப்பதும் முக்கியம். இங்கே பலருக்குச் சம்பளம் 25ஆம் தேதி வாக்கில் வரும். மாத நடுவில் பார்ட்டி வைத்தால் சமோசா தீரும், ஆர்டர் வராது. புரட்டாசி விரதத்துக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாத்திரமோ டப்பாவோ விற்பதானால் ஆவணி மாதக் கடைசியில் அவர்களிடம் போங்கள். தீபாவளிக்கு முன் எதுவும் விற்கும்.

இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே மனம் ஊசலாடினால், சேராமலே இரண்டுக்கும் ஒவ்வொரு முறை ஹோஸ்டஸாக இருந்து பாருங்கள். சேரும்போது வாங்க வேண்டிய ஸ்டார்ட்டர் கிட்டின் காசு மிச்சம். பார்ட்டியைவிட அதற்குப் பிறகு வரும் இரண்டு வாரம்தான் பாடம். சரக்கு எப்போது வந்தது, ஒரு பொருள் குறைந்தால் கன்சல்டன்ட் யாருக்குப் போன் செய்தார், அந்தப் பக்கம் எடுத்துப் பேசினார்களா என்று பக்கத்தில் இருந்து கவனியுங்கள்.